மில்லிமீட்டர்காரரின் நான்கு டயர்கள்

எவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு ஒரு மனிதன் ஒரு காரியத்தைச் செய்யலாம்? எங்கள் அலுவலகத்து வாகன மதிப்பீட்டாளர் காலை எட்டே முக்காலுக்குக் கார் நிறுத்துமிடத்தில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வலது முழங்காலை ஊன்றி, தன் காரின் முன் டயரில் பேனா அளவிலான ஒரு கருவியைச் செருகிப் பார்ப்பார். அப்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். டயரில் இன்னும் எவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் மிச்சமிருக்கிறது என்பதை அந்தக் கருவி சொல்லும். நான்கு டயருக்கும் நான்கு முறை. பிறகு எழுந்து, கைக்குட்டையை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே அறிவிப்பார்: “ரெண்டு புள்ளி ரெண்டு.” நேற்றும் ரெண்டு புள்ளி ரெண்டுதான். இரவோடிரவாக டயர் வளர்ந்துவிடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் பார்ப்பார். தினமும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதாமலே எழுந்துபோகும் மருத்துவரைப் போல, அதில் ஒரு நிறைவு.

அலுவலகத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அவருக்கும் தெரியும். அதை ஒரு பட்டமாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்.

கார் அடர் நீலம். இரண்டே கதவுகள். இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரம். அவரோ ஆறடி. இறங்கும்போது முதலில் இடது கை வரும், பிறகு தலை, பிறகு சற்று நேரம் ஒன்றும் வராது, கடைசியாக மீதி மனிதர் வருவார். வீட்டிலிருந்து அலுவலகம் ஒன்பது கிலோமீட்டர், பதினோரு சிக்னல், நாற்பது நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு சைக்கிள் அவரை முந்திப் போகும். பல நாள் போகவும் செய்கிறது. இந்தப் பயணத்துக்குத்தான் மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கக்கூடிய டயர் வேண்டும் என்று அவர் பதினாலு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார். “வேகத்துக்கு இல்லைங்க. பிடிமானத்துக்கு” என்பார். வழியில் ஒரே ஒரு வளைவு இருக்கிறது. பழைய தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போகும் சாலை. முன்னால் லாரி எதுவும் இல்லையென்றால் அங்கே ஐம்பதில் திரும்பலாம். அந்த வளைவு நான்கு நொடி நீளம். நான்கு நொடிக்காக ஒருவர் கார் வாங்கலாமா என்று கேட்பது எளிது. நான் கேட்கவில்லை. இதைவிடக் குறைந்த நேர இன்பத்துக்கு இதைவிட அதிகம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அவர் வேலையைச் சொல்லாவிட்டால் இந்த வேடிக்கை பாதிதான் புரியும். விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்து, குற்றம் சாலையுடையதா, மழையுடையதா, ஓட்டியவருடையதா என்று எங்கள் காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பவர் அவர். அந்த அறிக்கைகளைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. தேவைப்பட்டால் அவருடன் போய்ப் படம் எடுப்பதும். ஈரச் சாலையில் வழுக்கிய வண்டிக்கு எங்கள் விதி எளிமையானது. டயரில் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே பள்ளம் இருந்தால், தெரிந்தே ஓட்டியதாகப் பொருள். ‘உரிமையாளரின் அலட்சியம்’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று விழும். உரிமையாளருக்கு ஒன்றும் கிடைக்காது. அப்படி மாட்டிக்கொள்கிற எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: அடுத்த வாரம் மாற்றுவதாக இருந்தோம். அதற்கு அவர் அறிக்கையில் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். “மாற்ற இருந்தார் என்பது மாற்றியதாகாது.” பதினோரு வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் எத்தனை கோப்பில் படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. நல்ல வாக்கியம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை எழுதிய கை அன்று காலை எதை அளந்துவிட்டு வந்தது என்பதை மறந்துவிட்டால்.

தன் டயர் தேய்ந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. தேடத் தொடங்கியபோது மூன்று புள்ளி எட்டு. அப்போதே மாற்ற முடிவு செய்துவிட்டார். எதை மாட்டுவது என்பது மட்டும்தான் பாக்கி. வெயில், மழை, உறைபனி விழும் சில காலை நேரங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே டயர். அதே சமயம் வளைவில் ரப்பர்ப் பந்து மாதிரி நெளியாத டயர். எல்லாப் பருவ டயர் என்று இதற்குப் பெயர். கோடைக்கென்றே செய்த டயர் குளிரில் விறைத்துப்போகும். குளிருக்கென்றே செய்தது வெயிலில் குழைந்துபோகும். எல்லாவற்றுக்குமாகச் செய்தது எதிலும் முதல் மதிப்பெண் வாங்காமல் எல்லாவற்றிலும் தேறிவிடும். நம்மில் பலர் இப்படித்தான் இருக்கிறோம், யாரும் நம்மைக் குறை சொல்வதில்லை. ஆனால் அவருக்கு எல்லாவற்றிலும் தேறுவது போதவில்லை. எல்லாவற்றிலும் முதல் வரும் ஒன்று எங்காவது இருக்கும், இன்னும் கொஞ்சம் படித்தால் கிடைத்துவிடும் என்று நம்பினார்.

படித்தார். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுதினார். நாற்பத்தொரு டயர்களில் தொடங்கி மூன்றில் வந்து நின்றார். முதலாவது ஈரத்தில் சீக்கிரம் நிற்கும். இரண்டாவது ஓசையே எழுப்பாது. மூன்றாவது ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே திரும்பும், ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் மாவரைக்கும் இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பதாக உணர்வார். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஈரச் சாலையில் பிரேக் போட்டால் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் எழுபது சென்டிமீட்டர். இந்த எழுபது சென்டிமீட்டரைப் பற்றி அவர் என்னிடம் இரண்டு மதிய உணவு இடைவேளை முழுவதும் பேசியிருக்கிறார். அவருடைய தேய்ந்த டயர் அதே இடத்தில் ஏழு மீட்டர் கூடுதலாக வழுக்கும் என்பதையும் அதே நோட்டிலிருந்துதான் எனக்குப் படித்துக் காட்டினார். எழுபது சென்டிமீட்டரை இழந்துவிடக்கூடாது என்பதற்காக ஏழு மீட்டரைப் பதினாலு மாதம் சுமந்தவர் அவர்.

அவர் மனைவி எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். முன்பெல்லாம் காரில்தான் வருவார். மழை தொடங்கியதும் இறங்கிக்கொண்டார். அதன்பிறகு நான் வரும் பேருந்தில் வந்தார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல், ஒரு மருந்தின் பக்கவிளைவுகளைச் சொல்வதுபோலச் சொல்வார்.

“என்னைக் கட்டிக்கலாமான்னு ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முடிவு பண்ணினவருங்க அவரு. ‘அப்ப முடிஞ்சுதே, இப்ப டயருக்கு மட்டும் ஏன் இப்படி?’ன்னு கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? ‘உன்னைப் பத்தி அப்ப சோதனை அறிக்கை எதுவும் வந்திருக்கலையே’ன்னார்.”

“அதுக்கு நீங்க?”

“வந்திருந்தா உங்களுக்கு நான் கிடைச்சிருப்பேனான்னு கேட்டேன். அதையும் நோட்டுல எழுதிக்கிட்டாரோ என்னமோ.”

டயர் கடையை நடத்துபவரும் ஒரு பெண்தான். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். மில்லிமீட்டர் அந்தக் கடைக்குப் போவது டயர் வாங்க அல்ல, டயரின் பிறந்த தேதி பார்க்க. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கம் இருக்கும். எந்த வருடம், எத்தனையாவது வாரம் அது செய்யப்பட்டது என்பதை அது சொல்லும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட டயரை அவர் தொடமாட்டார். முதல்முறை போனபோது கடைக்காரம்மா எடுத்துப் போட்ட டயர் செய்யப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பார்த்தார், தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தாராம். “யோசிச்சுட்டு வரேம்மா” என்று போனார். அடுத்து வந்தது ஐந்து மாதம் கழித்து.

“இது ஏழு மாசம் ஆயிடுச்சேம்மா” என்றார் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு.

“நீங்க பாத்துட்டுப் போனப்ப ரெண்டு மாசக் குழந்தை சார். நீங்க யோசிச்சிட்டு இருந்தீங்க, அது வளந்துடுச்சு.”

“புதுசு வருமா?”

“வரும். ஆனா ஒண்ணு சொல்லுங்க, அதுக்கு எத்தனை வயசு வரைக்கும் யோசிப்பீங்க? அதுக்கு ஏத்த மாதிரி ஆர்டர் போடறேன்.”

அவர் இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மூன்று வாரத்தில் இரண்டாவது டயரின் புதிய பதிப்பு வரப்போவதாக எங்கோ படித்துவிட்டார். வராத டயரோடு வந்த டயரை எப்படி ஒப்பிடுவது என்ற நேர்மையான கேள்வி எழுந்தது. நோட்டில் ஒரு புதிய பத்தி திறந்தார். அறிவு வளர்ந்தது. டயர் தேய்ந்தது.

என்னைப் போல வேலை நேரம் போகத் தத்துவம் படிக்கிறவர்களுக்கு இந்த நோய் பழக்கமானது. முடிவெடுக்காமல் இருப்பதை நாங்கள் சிந்தனை என்று அழைத்துக்கொள்வோம். ஆனால் எங்கள் சிந்தனையில் யாரும் மழைநாளில் ஏறி உட்கார்ந்து வேலைக்குப் போவதில்லை என்பதால் பெரிய ஆபத்து வருவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு கோப்பு வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண்மணி. அவருடைய பள்ளி என்பது ஒரே ஒரு கார், கூரைமேல் ஒரு பலகை, பக்கத்து இருக்கையிலிருந்தும் மிதிக்கக்கூடிய இரண்டாவது பிரேக், அவர். அவ்வளவுதான். மாணவி ஒருத்தியை அழைத்துவரத் தனியாகப் போனவர் மழையில் ஒரு சரிவில் வழுக்கி விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டார். யாருக்கும் பெரிய காயமில்லை, அவருடைய மணிக்கட்டைத் தவிர. கார் மட்டும் இனி ஓடாது. காப்பீடு கிடைத்தால் இன்னொரு பழைய கார் வாங்கலாம். கிடைக்காவிட்டால் பள்ளி இல்லை.

உடைந்த வண்டிகளை வைக்கும் திடலில் அவரைச் சந்தித்தோம். கட்டுப் போட்ட கையை மற்றொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார். மில்லிமீட்டர் கைக்குட்டையை விரித்தார், முழங்காலை ஊன்றினார், அளந்தார்.

“ரெண்டு புள்ளி நாலு.”

அந்தப் பெண்மணிக்கு விதி தெரிந்திருந்தது. “அடுத்த வாரம் மாத்தறதா இருந்தேன் சார்” என்றார். சொல்லும்போதே அதை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்த குரல்.

நான் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். மில்லிமீட்டர் வேறொன்று கேட்டார். வழக்கமாகக் கேட்காத கேள்வி.

“எதைப் போடறதா இருந்தீங்க மேடம்?”

அந்தப் பெண்மணி தோள்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது. நடுவே ஒரு கோடு, இருபுறமும் இரண்டு டயர்களின் பெயர், கீழே பென்சிலால் நல்லது கெட்டது. “மழைக்கு இது நல்லதுங்கறாங்க சார். ஆனா சீக்கிரம் தேயுமாம். அது ரொம்ப நாள் வருமாம். ஆனா ஈரத்துல கொஞ்சம் அப்படி இப்படித்தானாம். புதுசா கத்துக்கறவங்க பிரேக்கைப் போட்டு மிதிப்பாங்க இல்லையா, அதான் எதுன்னு…”

“எத்தனை நாளா பாக்கறீங்க?”

“மூணு மாசம் இருக்கும்.”

மில்லிமீட்டர் பேனாவை எடுத்தார். அடுத்த அரைமணி நேரம் நடந்ததை நான் எந்தக் கோப்பிலும் சேர்க்கவில்லை. முன்பக்கம் நசுங்கி, கண்ணாடி உதிர்ந்து, இனி ஒருபோதும் எங்கும் போகப்போகாத ஒரு காரின் மேல் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, அதற்கு எந்த டயர் பொருத்தம் என்று இரண்டு பேரும் விவாதித்தார்கள். இவர் ஓர் எண்ணை அடித்துத் திருத்தினார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “இல்ல சார், அது பெரிய வண்டிக்கு எடுத்த அளவு. என் வண்டி கனம் கம்மி.” இவர் சற்று யோசித்து, “கரெக்டுதான்” என்றார். பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல் முறை. சக்கரத்தைச் சுற்றி வந்தார்கள். பக்கவாட்டின் நான்கு இலக்கத்தைப் படித்தார்கள். கடைசியில் இரண்டில் முதலாவதுதான் சரி என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பெண்மணி தாளை மடித்து, பத்திரமாகப் பைக்குள் வைத்தார். வைத்த பிறகுதான் தன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்களுக்கு எல்லாம் தெரியுது சார். நீங்க உங்க வண்டிக்கு எது போட்டிருக்கீங்க?”

மில்லிமீட்டர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பை சின்னதுதான், ஆனாலும் நேரம் பிடித்தது.

“நான் இன்னும் மாத்தல மேடம்.”

“ஏன் சார்?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அந்த அம்மா சிரித்தார். ஏளனமாக இல்லை. பேருந்து நிறுத்தத்தில் தன் ஊர்க்காரரைப் பார்த்துவிட்டதுபோல. “நானும் அதான் சார் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அன்று மாலை ஐந்தரை மணிக்கு அவர் டயர் கடையில் இருந்திருக்கிறார். இதை எனக்குச் சொன்னது கடைக்காரம்மா. “வந்தவரு ‘இப்பவே மாட்டிவிட எது இருக்கு?’ன்னார். அவர் அளவுக்கு என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. பேரைக் கேக்கல. தேதி பாக்கல. டார்ச்சே எடுக்கல. நான்தான் பயந்துபோய், சார், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேட்டேன்.” மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. நாற்பத்தொன்றில் அது இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். சாதாரணமான ஓர் எல்லாப் பருவ டயர். எதிலும் முதல் வராது, எல்லாவற்றிலும் தேறிவிடும். அவர் மனைவி அன்று காரில்தான் வந்து இறங்கினார். “ஏன் இதுன்னு கேட்டேன்” என்றார் என்னைப் பார்த்ததும். “சீட் பெல்ட்டைப் போடுன்னார்.”

இதில் அவரைப் பாராட்ட ஒன்றுமில்லை. தேய்ந்த டயரை மாற்றுவது பெருந்தன்மையில் சேராது; பதினாலு மாதத் தாமதம் மட்டும்தான் தீர்ந்தது. பாராட்டலாமா என்று எனக்கு இன்றுவரை தெரியாத காரியம் அதற்கடுத்த நாள் நடந்தது.

கற்றுக்கொடுக்கும் அம்மாவின் அறிக்கை என் மேசைக்கு வந்தது. டயரின் ஆழம்: 2.4. காரணம்: ஈரச் சாலை, சரிவு. உரிமையாளரின் அலட்சியம்: இல்லை. அந்தப் பழைய வாக்கியம் எங்குமே இல்லை. நான் இரண்டு முறை படித்தேன். தப்பாக வந்துவிட்டதோ என்று எடுத்துப் போய்க் காட்டினேன். “சரியாத்தான் இருக்கு, அனுப்புங்க” என்றார்.

மேலாளர் கூப்பிட்டார். கோப்போடு நானும் போக வேண்டியிருந்தது. அவர் நல்ல மனிதர், அதாவது எதுவும் தன் மேசையில் தங்கக்கூடாது என்று நினைப்பவர். தலைமை மதிப்பீட்டாளர் பதவி அந்த மாதம் காலியாகவிருந்தது; அதற்கு மில்லிமீட்டர் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார்.

“என்னய்யா இது? ரெண்டு புள்ளி நாலுன்னும் எழுதியிருக்கே, அலட்சியம் இல்லைன்னும் எழுதியிருக்கே. ரெண்டும் ஒரே தாள்ல எப்படி உக்காரும்?”

மில்லிமீட்டர் குனிந்து இரண்டு கட்டத்தையும் மறுபடி படித்தார்.

“அந்த அம்மாவுக்குக் கொடுக்கணும்னா கொடு, நான் வேண்டாங்கல. ரெண்டை மூணாக்கிடு. மூணு புள்ளி நாலு. வண்டியை நாளைக்கு நசுக்கிடப் போறாங்க. எவன் போய் அளக்கப் போறான்?”

“அளந்தது ரெண்டு புள்ளி நாலு சார்.”

“சரி, அப்ப ‘ஆம்’னு போடு. நீ எப்பவும் எழுதற அந்த ஒரு வரியை எழுது. முடிஞ்சுது.”

“அதுவும் முடியாது சார்.”

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளைப் படித்தேன். “அப்ப விதியை மீறினதுக்குக் காரணம் எழுதிக் கொடுத்துடு” என்று படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். “நாலு வரி போதும்ப்பா. உருக்கமா ஏதாவது. விதவை, கை உடைஞ்சுது, எதையாவது எழுது. மேலே இருக்கிறவங்களுக்கு அந்தக் கட்டம் காலியா இருக்கக்கூடாது, அவ்வளவுதான். காலியா போச்சுன்னா உன் பேரு மேலே போகாது. அதையும் சொல்லிட்டேன்.”

அந்த அம்மா விதவையா என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே கோப்பை அனுப்பினார்; மதிப்பீட்டாளர் ‘இல்லை’ என்று எழுதிய பிறகு அதை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. கற்றுக்கொடுக்கும் அம்மாவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. தலைமை மதிப்பீட்டாளர் பதவிக்கு, மில்லிமீட்டருக்கு நான்கு வருடம் பின்னால் சேர்ந்தவர் வந்தார். மூன்று மில்லிமீட்டர் விதியை அவர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றி வருகிறார். மில்லிமீட்டரிடம் நான் இரண்டு முறை காரணம் கேட்டேன். ஒருமுறை மழையைப் பற்றிப் பேசினார். இன்னொருமுறை தேநீர் ஆறிவிட்டது என்றார்.

அன்று மேலாளர் அறையில் அவர் செய்தது இவ்வளவுதான். ‘விளக்கம்’ என்ற கட்டம் அந்தப் படிவத்திலேயே பெரியது, பன்னிரண்டு கோடு. பேனாவின் மூடியைக் கழற்றி முதல் கோட்டின்மேல் வைத்தார். முனை தாளில் படவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்க்கும் வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு கையை மெதுவாகக் கீழே இறக்கி, பன்னிரண்டு கோட்டையும் தாண்டி, அடியில் கையெழுத்துப் போட்டார். தேதியையும் எழுதினார். மை காயட்டும் என்று ஒருமுறை ஊதிவிட்டு, தாளைத் திருப்பி மேலாளர் பக்கம் தள்ளினார்.